ஆள் மாற்றும் நேரம்

சமையலறை,
மார்ச் 4

அன்புள்ள வக்கீல் அப்பாவுக்கு,

நான் நலம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்கள் நலத்தைக் கடிதத்தில் விசாரிக்கும் நிலைமை வந்துவிட்டது, பாருங்கள். முட்டி வலி எப்படி இருக்கிறது? நேற்று நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினீர்கள்.

இது என்ன புதுக் கூத்து என்று திகைக்க வேண்டாம். நேற்று மாலை நான் ஆபீசிலிருந்து உள்ளே நுழைய, நீங்கள் தொழிற்சாலைக்குக் கிளம்ப, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குசுகுசுவென்று பேசினோமே, அது அவள் காதில் விழுந்திருக்கிறது. நீங்கள் போனதும் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "அம்மா, நான் தூங்கல. அடுத்த தடவை சத்தமாவே பேசுங்க. காதைத் தீட்டித் தீட்டி எனக்குக் கழுத்து வலிக்குது." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது வயசுக்கு என்ன காது, என்ன வாய்! வக்கீல் என்று அவளுக்குப் பேர் வைத்தவர் நீங்கள்தான், அனுபவியுங்கள்.

இருப்பதோ இரண்டு அறை. பகலெல்லாம் அவளோடு நீங்கள், இரவெல்லாம் நான். நடுவில் கிடைக்கும் அந்த வாசல் நேரத்தில் ஒரு உயிரைப் பற்றிப் பேசி முடிக்க முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன். பதிலை ஃப்ரிட்ஜ் மேலே டார்ச் லைட்டுக்கு அடியில் வையுங்கள். அவளுக்கு எட்டாது.

டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துத் தெளிவாகத்தான் சொன்னார். ரத்தத்தில் வந்த நோய் மூன்றாவது தடவையாகத் திரும்பிவிட்டது, இனிக் குணமாக்க வழியில்லை. தூரத்து ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அது கொஞ்ச காலம் கூட்டித் தரலாம், தராமலும் போகலாம். அங்கே கண்ணாடித் தனியறை, கூடவே ஒரே ஒருவர்தான் இருக்கலாம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. இதில் உங்கள் காதில் விழுந்தது "கூட்டித் தரலாம்". என் காதில் விழுந்தது மற்றது.

எனக்கு வேண்டாம் என்று படுகிறது. வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். வலிக்கு மருந்து கொடுக்க நர்ஸ் வந்து போவார். கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

காலை மாத்திரை கொடுத்தாயிற்று. கஞ்சி பாதிதான் இறங்கியது.

உங்கள்
வீட்டம்மா

---

கட்டிலுக்குப் பக்கத்துத் தரை,
மார்ச் 6

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

முட்டி நலம், முட்டிக்குச் சொந்தக்காரனும் நலம். உன் தலைவலி எப்படி? கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதச் சொல்லி எவ்வளவு கெஞ்சியிருப்பேன்! இப்போதுதான் மனசு இறங்கியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போக வேண்டும். நான் கூடப் போகிறேன், கண்ணாடி அறையில் நானே கிடக்கிறேன், நீ வேலையைப் பார். "கூட்டித் தரலாம்" என்று ஒரு டாக்டர் வாயால் சொன்ன பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. ஒரு மாசம் கிடைத்தாலும் அது அவளுடைய மாசம், இல்லை என்று சொல்ல நாம் யார்?

இன்னொன்று. இதை நான் மட்டும் சொல்லவில்லை. இன்று சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டுச் சீட்டைக் கலைத்துக்கொண்டே அவளாகத்தான் சொன்னாள்: "அப்பா, அந்தப் புது மருந்தைப் போட்டுப் பாத்துடலாம்ப்பா. நான் ரெடி." வக்கீலே வாதாடி முடித்துவிட்டாள். இனி என்ன?

மத்தியானம் நன்றாகத் தூங்கினாள். நானும் அவள் பக்கத்திலேயே கண் அசந்தேன்.

உன்
வீட்டுக்காரன்

---

சமையலறை,
மார்ச் 7

வக்கீல் அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது.

குழந்தை வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். நேற்று இரவு அவள் தலையைத் துடைத்துவிட்டேன். அந்த மொட்டைத் தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு இனிமே ஊசி வேணாம்மா. இங்கயே இருக்கேன். உன் பக்கத்துலயே இருக்கேன்." நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தூண்டவும் இல்லை. என்னிடம் இப்படிச் சொன்னவள் உங்களிடம் "நான் ரெடி" என்றாள் என்றால் நான் நம்ப வேண்டுமா? நீங்கள் ஆசை ஆசையாகக் கேட்டிருப்பீர்கள், பாவம் தலையாட்டியிருப்பாள்.

ஆபீசில் நாள் முழுக்கக் காதில் ஃபோனை மாட்டிக்கொண்டு குழாய்ப் புகார் கேட்கிறேன். தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று கத்துகிறவர்களிடம் எல்லாம் "கவலைப்படாதீங்க, சரியாயிடும்" என்று சொல்ல வேண்டும், அதுதான் வேலை. நேற்று ஒரு அம்மாவிடம் "சரியாகாதும்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் குரல் இறங்கி, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். வைத்துவிட்டேன். பாத்ரூமில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவளை அந்தக் கண்ணாடி அறையில் நான் சாகவிட மாட்டேன். எழுதிவிட்டேன். இந்த வார்த்தையை முதலில் எழுதியது நான்தான், என்னையே திட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
வீட்டம்மா

---

வீடு,
மார்ச் 11

வீட்டம்மாவுக்கு,

என்னைப் பொய்யன் என்று சொன்ன பிறகு பதில் எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

பள்ளிக்கூடச் சீருடைகளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாய். துண்டு தேடும்போது பார்த்தேன். அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மூட்டை கட்டிவிட்டாய். உனக்கு அலுத்துப்போய்விட்டது, அதற்கு அவள் பேரைச் சொல்கிறாய்.

இன்றும் கேட்டேன். "போலாம்ப்பா" என்றுதான் சொன்னாள்.

இப்படிக்கு,
அவள் அப்பா

---

சமையலறை,
மார்ச் 15

வணக்கம்.

நலம். நலமாக இருங்கள்.

நேற்றிலிருந்து காய்ச்சல். துணியை நனைத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும், முழுசாக விழுங்க முடியவில்லை. வாய்ப்புண்ணுக்கு உள்ள களிம்பு ஜன்னல் மேடையில் இருக்கிறது. பத்து மணிக்கு நர்ஸ் வருவார், கதவைத் தாழிட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

சீருடை பற்றி எழுத ஒன்றுமில்லை.

---

தொழிற்சாலை கேண்டீன்,
மார்ச் 18

அன்புள்ள என் வீட்டம்மாவுக்கு,

சாப்பிடுகிறாயா? நேற்றும் முந்தாநாளும் உன் டிபன் டப்பா தொட்டது தொட்டபடி திரும்பி வந்திருக்கிறது. கழுவுகிறவன் நான், எனக்குத் தெரியாதா?

உறையை மாற்றலாம் என்று உன் தலையணையை எடுத்தேன். அடியில் அவள் சீருடைச் சட்டை இருந்தது. துவைக்காதது. நான் ஒரு மடையன். பெட்டியில் நீ போட்டதை மட்டும் பார்த்தேன், போட மனசு வராமல் நீ எடுத்துவைத்துக்கொண்டதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. மன்னித்துக்கொள் என்று நேரில் சொல்ல வாசல் நேரம் போதாது, எனக்குத் தைரியமும் போதாது.

நானும் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை. என் வேலை என்ன? பெல்ட்டில் வரும் பாட்டில்களை விளக்குக்கு எதிரே பார்த்து, கீறல் விழுந்ததைத் தூக்கி எறிய வேண்டும். போன வாரம் ஒரு ஷிஃப்ட் முழுக்க வந்ததை எல்லாம் தூக்கி எறிந்திருக்கிறேன். எல்லாம் நல்ல பாட்டில். எனக்கு ஒவ்வொன்றிலும் கீறல் தெரிந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து, "யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினான். கூடையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

மாதக் கடைசி நெருங்குகிறது. என்ன செய்யலாம் என்று இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன். சாப்பிடு. அது போதும்.

உன்
வீட்டுக்காரன்

---

சமையலறை,
மார்ச் 20, காலை

அன்புள்ள வக்கீல் அப்பாவுக்கு,

நலம். சாப்பிட்டேன். டப்பாவைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ் மேலே வைக்காமல் இதை உங்கள் பைக்குள் வைக்கிறேன். வேலைக்குப் போய் அமைதியாகப் படியுங்கள். வீட்டில் படித்தால் உங்கள் முகம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

போகலாம்.

மனசார எழுதுகிறேன். அந்தப் பாட்டில் சமாசாரம் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. போகாவிட்டால் பிற்காலத்தில் "போயிருந்தால்" என்ற ஒரு சொல் உங்களை உட்கார விடாது, நிற்க விடாது. அந்தச் சொல்லோடு உங்களைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. அவளையும் இழந்து, உங்களையும் இழந்து நான் என்ன செய்வேன்?

நேற்று இரவு மெதுவாக அவளிடம் சொன்னேன், "அப்பா சொல்றதுதான் சரின்னு எனக்கும் தோணுது, போய்ப் பாக்கலாமா?" என்று. என்ன சிரிப்பு அந்த முகத்தில்! "போலாம்மா. சூப்பர்" என்றாள். ஊசி வேண்டாம் என்று சொன்ன குழந்தையா இது என்று எனக்கே ஆச்சரியம். நீங்கள் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
வீட்டம்மா

---

கட்டிலுக்குப் பக்கத்துத் தரை,
மார்ச் 20, மத்தியானம்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நலமா? நான் சுமார்தான்.

இன்று குத்தூசி அக்கா வந்தார், உன் மகள் அந்த நர்ஸுக்கு வைத்த பேர்தான். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. இந்தக் கையில் குத்தி, அந்தக் கையில் குத்தி, கடைசியில் காலில் குத்தினார். வக்கீல் வாயே திறக்கவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எல்லாம் முடிந்து நர்ஸ் கிளம்பும்போது, "அக்கா, அடுத்த தடவை மூக்குல ட்ரை பண்ணுங்க, அங்கதான் இன்னும் குத்தல" என்கிறாள். நர்ஸ் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் போனார். நான் பால்கனிக்குப் போய் வாளியை ஒரு உதை விட்டேன். முட்டி போச்சு.

நீ சொன்னதே சரி. வேண்டாம். கண்ணாடி அறையில் ஒரு நாளைக்கு இதே மாதிரி எத்தனை? நான் பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் கொடுத்துக்கொண்டே இருப்பதா? மாசம் மாசம் என்று நான் கத்தினேனே, அந்த மாசம் முழுக்க அவளுக்கு இதுதான் கிடைக்கும் என்றால் எனக்கு வேண்டாம்.

அவளிடமும் சொல்லிவிட்டேன். "புது மருந்து வேணாம்னு அப்பாவுக்குத் தோணுதுடா" என்றேன். உடனே தலையாட்டி, "ஆமாம்ப்பா, எனக்கும் வேணாம், வீட்டுலயே ஜாலியா இருக்கலாம்" என்றாள். ஆக, நீதான் ஜெயித்தாய். சந்தோஷமாக இரு என்று எழுத வந்தேன், அது எவ்வளவு கேவலமான வார்த்தை, பார்.

இதை ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

உன்
வீட்டுக்காரன்

---

சமையலறை,
மார்ச் 21

அன்புள்ள வக்கீல் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை, நேராக எழுதுகிறேன்.

என் கடிதம் உங்கள் பையில் போய்க்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்திருக்கிறது. நான் உங்களுக்காக "போகலாம்" என்றேன், நீங்கள் என் பக்கம் வந்து "வேண்டாம்" என்றீர்கள். இரண்டுக்கும் அவள் ஆமாம் என்றிருக்கிறாள். முன்னால் என்னிடம் வேண்டாம் என்றாள், உங்களிடம் ரெடி என்றாள். நீங்களும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம் இருவருடைய முகத்தையும் பார்த்துப் பார்த்து, யாருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாம் அவளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே!

படித்ததும் நேராக அவளிடம் போய் உட்கார்ந்து கேட்டேன், "அப்பாகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு சொல்றியே, உனக்கு எதுடா நிஜமா வேணும்?" என்று. போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "கோச்சுக்க மாட்டியே?" என்றாள். மாட்டேன் என்றேன்.

"நான் எதைச் சொன்னா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுல இருப்பீங்க?"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவளே விளக்கினாள். "புது மருந்துன்னா கண்ணாடி ரூம்ல ஒருத்தர்தான் இருக்கலாமாம். வேணாம்னா நீ வந்ததும் அப்பா போயிடுவார், அப்பா வந்ததும் நீ போயிடுவ. நானும் ரெண்டையும் சொல்லிச் சொல்லிப் பாக்கறேம்மா. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கற மாதிரி ஒண்ணு வரவே மாட்டேங்குது."

அவளை அப்படியே கட்டிக்கொண்டேன், எலும்பு கையில் குத்தியது. கடைசியில் அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்: "நீங்க லெட்டர் எழுதிக்கறது எனக்குத் தெரியும்மா. நான் படிக்கல, பிராமிஸ். ஸ்டூல் போட்டா எட்டும், ஆனா படிக்கல."

நான் என்ன சொல்லட்டும் அவளிடம்? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டம்மா

---

தொழிற்சாலை வாசல்,
மார்ச் 22

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை மாலை டியூட்டி முடிந்து நம் தெரு வழியாகப் போகும் டிரைவர் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு முன்னால் இது வந்து சேர்ந்துவிடும்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். சம்பளமில்லாத லீவு வேண்டும், எவ்வளவு நாளைக்கு என்று கேட்காதே என்றேன். அந்த ஆள் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "அந்த மருந்து..." என்று ஆரம்பித்ததுமே புரிந்துகொண்டார். அவரே, "வீட்டுலயே வச்சுக்கங்க, நான் வந்து பாக்கறேன்" என்றார்.

நீயும் ஆபீசில் சொல்லிவிடு. ஊரில் குழாய் ஒழுகினால் ஒழுகட்டும்.

அவளிடம் சொல், வக்கீல் கேஸை ஜெயித்துவிட்டாள் என்று. வேண்டாம், நீ சொல்லாதே. நான் வந்ததும் ரெண்டு பேருமாகச் சொல்லலாம். கதவைத் தாழிடாமல் வை.

உன்
வீட்டுக்காரன்

---

சமையலறை,
ஜூலை 9

அன்புள்ள வக்கீல் அப்பாவுக்கு,

உங்களை இனியும் இப்படித்தான் கூப்பிடுவேன்.

நலமா என்று நீங்களும் கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மனசைத் தேற்றிக்கொள் என்று சொன்னவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். நானும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். யாராவது புகார் சொன்னால் "சரியாயிடும்" என்று சொல்கிறேன், நாக்கு அதுபாட்டுக்குச் சொல்கிறது.

மார்ச்சுக்கு அப்புறம் நாம் ஒரு கடிதமும் எழுதிக்கொள்ளவில்லை. தேவையே வரவில்லை. மூன்று பேரும் அந்த ஒரே அறையில்தான் கிடந்தோம். சீட்டாட்டத்தில் நீங்கள் ஏமாற்றியதைக் கண்டுபிடித்து அவள் சண்டை போட்டதும், நீங்கள் குறட்டை விடும்போது நானும் அவளும் போர்வைக்குள் சிரித்ததும் எனக்குப் போதும். கடைசியில் அவளுடைய இந்தக் கை உங்களிடம் இருந்தது, அந்தக் கை என்னிடம் இருந்தது. அதற்காக நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அவளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று உங்கள் சூப்பர்வைசர் ஃபோன் செய்தார். "பகல் ஷிஃப்ட் தர்றேன்னு சொன்னேன்மா, அவர்தான் பழைய நைட் ஷிஃப்ட்டே வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனார், வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்றார். இல்லை என்றேன்.

நான் வரும்போது நீங்கள் செருப்பு மாட்டுகிறீர்கள். நீங்கள் வரும்போது நான் பையை எடுக்கிறேன். "சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்கிறேன், "சரி" என்கிறீர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் அவளைப் பார்த்துவிடுவோமோ என்று பயம், உங்களுக்கும் எனக்கும். எனக்கும்தான், நான் மட்டும் யோக்கியம் இல்லை. நீங்கள் கிளம்பும்வரை இரண்டு தடவை தெருமுனையிலேயே நின்றிருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டிலில் யாரும் இல்லை. யாரைப் பார்த்துக்கொள்ள நாம் இன்னும் ஆள் மாற்றிக்கொண்டிருக்கிறோம்?

உங்கள்
வீட்டம்மா

---

வாசல்,
ஜூலை 10

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று தெரியும்.

நாளையிலிருந்து பகல் ஷிஃப்ட். பேசிவிட்டேன். இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

இதை ஃப்ரிட்ஜ் மேலே வைக்கவில்லை, நீ வந்ததும் உன் கையிலேயே கொடுக்கப்போகிறேன். நீ படித்து முடிக்கும்வரை இங்கேயே நிற்பேன், செருப்பு மாட்ட மாட்டேன். அவளைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு நாள் முழுக்க வாய் துடிக்கிறது. வாயைத் திறந்தால் பேச்சு வருமா, வேறு என்ன வரும் என்று தெரியவில்லை. அதனால் முதலில் நீ ஆரம்பி.

இப்படிக்கு,
எதிரில் நிற்கும்
உன் வீட்டுக்காரன்